பால் சங்கத்துக்கு ஒரு மென்பொருள்

மல்லாவியில், டயர்க் கடைக்கு மேல்
சங்கத்தின் ஒற்றை அறை.
இருநூற்றுப் பதினாறு பேரின் பால் கணக்கு
இன்னும் சிவப்பு மட்டைக் கொப்பியில்.
"காசில்லாமல் கிடைக்குதாம், பார்த்துச் சொல்லு பிள்ளை"
என்றார் பொருளாளர் குகநேசன்.

தானமாய் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாதாம்.
பால் சங்கத்தில் இருந்துகொண்டு
அப்படிச் சொல்கிறவரை நான் நம்பமாட்டேன்.
பார்த்தேன்.

முதலாவது, அழகி.
பதினோராயிரம் பேர் நட்சத்திரம் இட்டிருந்தார்கள்.
உள்ளே போனால் எழுதியதெல்லாம் ஒருவன்.
இரவு இரண்டு மணிக்கு எழுதியிருக்கிறான்,
பெருநாளிலும் எழுதியிருக்கிறான்,
ஒருமுறை மட்டும்
"மகளுக்குக் காய்ச்சல், நாளை பார்க்கிறேன்" என்று.
கதவின் சாவி அவனிடம் மட்டும்.
போன மாசியோடு எழுத்து நின்றிருந்தது.
அதற்குப் பிறகு நாற்பத்து மூன்று முறைப்பாடுகள்,
ஒன்றின்கீழ் ஒன்றாய், பதிலில்லாமல்.
கடைசியாய் யாரோ கேட்டிருந்தார்:
ஆரும் இருக்கிறீர்களா?

எழுத்து நின்றுபோன பெயரை வாசிக்க
எங்கள் பக்கத்தில் யாருக்கும் பழக்கத் தேவையில்லை.
கடைசித் திகதியில் விரலை வைத்து
அதன்கீழே கிடக்கும் வெள்ளையை வாசிப்போம்.
அவன் சுகமாய் இருக்கவேண்டும் என்று நினைத்தேன்.
மகளும்.
மூடினேன்.

இரண்டாவது, சண்டைக்காரக் குடும்பம்.
புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கமா மூன்றா என்று
நாற்பது நாள் வாதாடியிருக்கிறார்கள்.
சிரித்தேன். பிறகு சிரிக்கவில்லை.
கொழுப்பில் மூன்றாம் இலக்கம் விட்டுப்போனால்
தென்னியங்குளத்து அன்னலட்சுமிக்கு
மாதம் முந்நூறு ரூபாய் போகும்.
தோற்றவர் எழும்பிப் போய்விடவில்லை.
அடுத்த கிழமையே அவருடைய திருத்தம் ஒன்று கிடக்கிறது;
வென்றவர் அதைச் சரிபார்த்து உள்ளே எடுத்திருக்கிறார்.

சாவி ஐந்து பேரிடம், மூன்று நாடுகளில்.
பழுதான பதிப்பைத் திரும்பப் பெற்ற நாளில்
"தவறு எங்களுடையது" என்று எழுதி,
எந்த வரியில் என்றும் எழுதியிருந்தார்கள்.

அதற்குப் பக்கத்தில்தான் அந்தச் சின்னக் கோப்பு.
'விலகியோர்' என்று தலைப்பு. ஒன்பது பெயர்.
இன்னார், இன்ன நாள், பிள்ளை பிறந்ததால்.
இன்னார், களைத்துவிட்டார்.
இன்னார், எங்களோடு கோபித்துக்கொண்டு;
நியாயம் அவர் பக்கமும் இருந்தது.
இன்னார், இறந்தார். அவர் பார்த்த பகுதியை
இனி இவர் பார்க்கிறார்.
ஒவ்வொரு பெயருக்கும் எதிரே
சாவியை வாங்கிக்கொண்டவரின் பெயர்.

கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓயும்வரை
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
போனவர் எங்கே போனார் என்று
எழுதிவைக்கிற இடம் ஒன்று
இந்த உலகத்தில் இருக்கிறது.
அது ஒரு பால் கணக்கு மென்பொருள்.

இருந்தும் தட்டிப் பார்க்கவேண்டும்.
"பிறிண்டரில் 'கொ' உடைந்து வருகிறது,
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்"
என்று எனக்கு வந்த ஆங்கிலத்தில் முறையிட்டேன்.
ஆறு மணித்தியாலம்.
இவெட்டா என்று ஒருத்தி, எந்த ஊரோ:
"உங்கள் எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது.
சரியாய் வந்தால் எப்படி இருக்கும்?
ஒரு படம் அனுப்புவீர்களா?"

சிவப்புக் கொப்பியை விரித்தேன்.
கொக்காவில், வேலாயுதர், நாலே கால் லீற்றர்.
ஓரத்தில் காய்ந்த சாணம் தெரியாமல்
எடுக்கப் பார்த்தேன், முடியவில்லை.
அப்படியே அனுப்பினேன்.

"எப்பிடி?" என்றார் குகநேசன்
படியேறி வந்த மூச்சோடு.
பல் பரவாயில்லை அண்ணை.
இரண்டு மாதம் கட்டிவைத்துப் பார்ப்பம்.
கொப்பியை எறிந்துபோடாதேங்கோ.